மேண்டிலுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? பெட்ரோமாக்ஸ் விளக்குக் கலைச்சொற்கள்

வேதாரண்யத்திலிருந்து:

வணக்கம் நண்பர்களே,

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கம் கரையேறிய பிறகு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. பல வீடுகளில் பரணில் கிடந்த பெட்ரோமாக்ஸை இறக்கித் துடைத்தார்கள். தாத்தா காலத்தில் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் எரிந்த விளக்கு. ஏற்றத் தெரிந்த ஆள்தான் யாரும் இல்லை. ரேஷன் மண்ணெண்ணெய் குறைந்துபோனதால், ஒரு வீட்டில் பெட்ரோலையே தொட்டியில் ஊற்றப் போனார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் சத்தம் போட்டுத் தடுத்தார்.

அதனால் ஏற்றும் முறையையும் பராமரிப்பையும் ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி நூலகத்தில் ஒட்டலாம் என்று உட்கார்ந்தேன். முதல் பத்தியே நகரவில்லை. மேண்டில் (வெளிச்சம் தரும் சின்ன வலைப்பை), வேப்பரைசர், நாசில், பிரீஹீட்டிங் என்று நான்கு சொற்கள் குறுக்கே நிற்கின்றன. நான் யோசித்து வைத்திருப்பவை: மேண்டிலுக்கு ஒளித்திரி, வேப்பரைசருக்கு ஆவியாக்கி, நாசிலுக்கு நுண்துளை, பிரீஹீட்டிங்குக்கு முன்வெப்பமூட்டல். எது நிற்கும், எது நிற்காது என்று சொல்லுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து:

தம்பி, ஆவியாக்கியும் நுண்துளையும் நன்றாகவே இருக்கின்றன, அவற்றில் கை வைக்க வேண்டாம். ஒளித்திரியை மட்டும் விட்டுவிடுங்கள். அது தப்பு என்பதைவிட ஆபத்து என்பேன்.

எங்கள் அப்பா பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விட்டவர். சாயங்காலமானால் கடைவாசலில் வரிசையாக வைத்து ஏற்றுவோம். அந்த வேலையில் வளர்ந்ததால் சொல்கிறேன்: திரி என்றதும் நம் ஆட்களுக்கு மூன்று காரியம் தானாக வரும். எண்ணெயில் நனைப்பார்கள், தூண்டுவார்கள், கருகினால் நுனியைக் கிள்ளுவார்கள். இந்த மூன்றில் எதை மேண்டிலுக்குச் செய்தாலும் அது போச்சு.

மேண்டில் எண்ணெயைத் தொடுவதே இல்லை. தொட்டியில் பம்ப் அடித்த காற்று மண்ணெண்ணெயை மேலே ஏறும் பித்தளைக் குழாய்க்குள் தள்ளுகிறது. அந்தக் குழாய்தான் உங்கள் ஆவியாக்கி. சூட்டில் எண்ணெய் ஆவியாகி, உச்சியிலுள்ள நுண்துளை வழியாகச் சீறி வருகிறது. வருகிற வேகத்தில் வெளிக்காற்றையும் இழுத்துக்கொண்டு, வளைந்த குழாய் வழியே கீழே திரும்பி, பீங்கான் முனையில் எரிகிறது. அந்த நீலச் சுடருக்கு வெளிச்சமே கிடையாது, சூடு மட்டும்தான். சுடர் மேண்டிலைச் சூடாக்க, மேண்டில் வெள்ளையாக ஒளி வீசுகிறது. அப்புறம் அதே சூடு ஆவியாக்கியையும் தாக்குவதால், அடுத்து வரும் எண்ணெய் தானாக ஆவியாகிறது. முதலில் குழாயைச் சூடாக்க ஸ்பிரிட் எரிப்போம்; ஒருமுறை பிடித்துக்கொண்டால் பிறகு அது தேவைப்படாதது இதனால்தான்.

மேண்டிலைச் செய்து காட்டியவர் ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக், 1885இல். நல்ல வெளிச்சம் தந்த கலவை 1891இல்தான் அவருக்குக் கைகூடியது: 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. அந்தத் தோரியத்துக்காக உலகமே மோனசைட் மணலைத் தேடியபோது, 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அதைக் கண்டெடுத்த இடம் எங்கள் பக்கத்து மணவாளக்குறிச்சி. அப்போது திருவிதாங்கூர். இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிப்போன மணல்தான் காட்டிக்கொடுத்ததாம். பெட்ரோமாக்ஸ் பெர்லினில் பிறந்ததுதான், மாக்ஸ் கிரேட்ஸின் பெயர் அதில் இருக்கிறது. ஆனாலும் மேண்டிலுக்கு ஒரு பெயர் வைக்க எங்கள் மாவட்டத்துக்குக் கொஞ்சம் உரிமை உண்டென்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது அது மருந்துக் கரைசலில் ஊறிக் காய்ந்த சின்ன வலைப்பை. கட்டிப் பொசுக்கினால் நூல் எரிந்துபோய் ஆக்சைடு மட்டும் அதே வடிவத்தில் நிற்கும். ஆகவே வலை என்ற சொல் உள்ளே வரட்டும். என் வாக்கு ஒளிர்வலைக்கு.

சென்னையிலிருந்து:

ஒரு சின்னத் தடை. சூடில்லாமல் ஒளி வருவதைத்தான் அறிவியல் பாடங்களில் ஒளிர்தல் என்கிறோம். மேண்டில் சூட்டால் ஒளி வீசுவது. 'வெண்சுடர் வலை' துல்லியமாக இருக்கும்.

நாகர்கோவிலிலிருந்து:

ஐயா, துல்லியம் சரி. ஆனால் வெண்சுடர் வலை என்று எழுதினால் படிப்பவர் வலையில் சுடர் வர வேண்டும் என்று நினைப்பார். வலையை மீறி மஞ்சள் சுடர் எழுந்தால் நம் விளக்கில் அது கோளாறு. சூடு போதவில்லை, எண்ணெய் ஆவியாகாமல் திரவமாகவே வருகிறது என்று அர்த்தம். பாடப்புத்தகத்துக்கு எழுதும்போது உங்கள் சொல்லை எடுத்துக்கொள்வோம். நூலகச் சுவருக்கு ஒளிர்வலை போதும்.

மட்டக்களப்பிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். எங்கட பக்கம் பெற்றோமக்ஸ் என்றுதான் எழுதுவோம், சாதாரண விளக்கு அரிக்கன் லாம்பு. வாவியில் இரவில் தோணியில் இறால் பிடிக்கப் போகிறவர்கள் பெற்றோமக்ஸைக் கொண்டுபோவார்கள். சுட்ட கண்ணாடியில் ஒரு துளி தண்ணீர் தெறித்தால் போதும், கண்ணாடி வெடிக்கும், மேண்டிலும் உதிரும். உங்கள் குறிப்பில் இதையும் சேருங்கள்.

சொல்லைப் பற்றி: பொசுக்கிய பிறகு அதை வலை என்பது எனக்குப் பொருந்தவில்லை. வலை என்றால் இழுத்தாலும் தாங்கும். இது விரல் பட்டால் உதிர்கிற சாம்பல். கூடு என்று சொன்னால் என்ன? ஒளிக்கூடு. எலும்புக்கூட்டில் வருகிற அதே கூடு. தொடப் பயம் வரும்.

வேதாரண்யத்திலிருந்து:

கூடு என்ற சொல் பிடித்திருக்கிறது அண்ணா. ஆனால் விளக்குக்கூடு என்றால் எங்கள் ஊரில் கண்ணாடியும் கம்பியும் சேர்ந்த வெளிச்சட்டத்தை நினைத்துக்கொள்வார்கள். 'கூட்டைத் தொடாதே' என்று எழுதினால் கைப்பிடியைக்கூடப் பிடிக்க மாட்டார்கள். ஒரு பாகத்துக்கு ஒரே பெயர்தான் இருக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். கடையில் கேட்டு வாங்க வேண்டிய பொருளாயிற்றே. பாகத்தின் பெயர் ஒளிர்வலை, எரித்தபின் 'பொசுக்கிய ஒளிர்வலை' என்று வைத்துக்கொள்ளலாமா? பொசுக்கிய என்ற ஒரு சொல்லே உங்கள் எச்சரிக்கையைச் சொல்லிவிடும்.

மட்டக்களப்பிலிருந்து:

சரி, அப்படியே ஆகட்டும். அடைப்புக்குறிக்குள் மேண்டில் என்றும் போடுங்கள். கடைக்காரருக்கு அதுதான் தெரியும்.

நாகர்கோவிலிலிருந்து:

எனக்கும் சம்மதம். இப்போது பிரீஹீட்டிங். விபத்தில் பாதி இந்த இடத்தில்தான் நடக்கும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

'முன்வெப்பமூட்டல்' வாயில் நுழையாது. நாங்கள் 'சூடு காட்டு' என்போம். 'நல்லா சூடு காட்டாம திருகைத் திறக்காதே' என்பது கடையில் தினமும் கேட்ட பாட்டு. பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் முன்சூடு. முன்பணம் மாதிரி. முதலில் கொடுத்தால்தான் வேலை நடக்கும்.

ஆவியாக்கியைச் சுற்றியுள்ள சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்துகிறோம். அது எரிந்து முடியும்வரை பொறுமை வேண்டும். காற்றடிக்கும் இடத்திலும் மழைக்காலத்திலும் ஒரு கிண்ணம் போதாது. இங்கேதான் ஆட்கள் தவறுவார்கள்: அணைந்துவிட்டதென்று நினைத்துப் புட்டியைச் சாய்த்து இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். ஸ்பிரிட்டின் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அது புட்டிக்குள் ஏறும். இரண்டாவது முறை ஊற்ற வேண்டுமானால் கிண்ணம் அணைந்து ஆறிய பிறகு, சின்ன அளவையால்தான் ஊற்ற வேண்டும். புட்டியை விளக்குக்குப் பக்கத்திலேயே வைக்கக் கூடாது.

ஸ்பிரிட் எரியும்போது, தொட்டிக் காற்றை வெளியே விடும் காற்றுத் திருகு திறந்தே இருக்கட்டும். பழைய விளக்கில் அடி வால்வு லேசாகக் கசிந்தாலும் அழுத்தம் இல்லாவிட்டால் எண்ணெய் மேலே வராது. ஸ்பிரிட் அணையும் தறுவாயில் காற்றுத் திருகை மூடி, மெதுவாகப் பம்ப் அடித்துக்கொண்டே, எண்ணெய்க்கு வழிவிடும் திறப்புத் திருகை விடுவித்தால் 'புஸ்' என்று பிடிக்கும். அதற்கு முன் அவசரப்பட்டால் எண்ணெய் ஆவியாகாமல் ஒழுகி, விளக்கு முழுக்க மஞ்சள் தீயும் கரும்புகையும் கிளம்பும். அப்படி ஆனால் காற்றுத் திருகைத் திறந்துவிடுவதுதான் வழி. அழுத்தம் இறங்கினால் தீயும் இறங்கும். தண்ணீர் ஊற்றக் கூடாது, விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது.

நாசிலைக் குத்தும் ஊசிக்குப் பெயர் கேட்கவில்லையே? பம்ப் ஸ்டவ்வுக்கு ஸ்டவ் பின் என்றோம். பெட்ரோமாக்ஸில் அது உள்ளேயே இருக்கிறது, திருகைச் சுற்றினால் மேலே வந்து துளையைக் குத்திவிட்டு இறங்கும். துளையூசி என்று வைக்கலாம். குத்தூசி வேண்டாம், அது சாக்குத் தைக்கிறது.

வேதாரண்யத்திலிருந்து:

துளையூசி எடுத்துக்கொண்டேன். விளக்குக்கு என்ன பெயர் போடுவது? சிலர் கியாஸ் லைட் என்கிறார்கள், சிலிண்டர் விளக்கென்று குழம்புகிறார்கள். தலைப்பில் பெட்ரோமாக்ஸ் என்றே எழுதி, முதல் வரியில் 'அழுத்த மண்ணெண்ணெய் விளக்கு' என்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

இதுவரை முடிவானதை வைத்து எழுதிய வரைவு:

"தொட்டியில் முக்கால் பங்கு மண்ணெண்ணெய் மட்டும் ஊற்றவும். மேலே காற்றுக்கு இடம் வேண்டும். பெட்ரோல் ஒரு துளிகூடக் கூடாது. புதிய ஒளிர்வலையை (மேண்டில்) பீங்கான் முனையில் சுருக்கம் ஒரே சீராக வரும்படி கட்டிப் பொசுக்கவும். பொசுக்கிய ஒளிர்வலையைத் தொட வேண்டாம். ஓட்டை விழுந்தால் உடனே மாற்றவும். ஓட்டை வழியே சீறும் சுடர் கண்ணாடியை உடைக்கும். முன்சூடு முழுதாகக் கொடுத்த பிறகே திறப்புத் திருகைத் திறக்கவும். அழுத்த மீட்டரின் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் பம்ப் அடிக்க வேண்டாம். வெளிச்சம் துடித்தால் முதலில் பம்ப் அடித்துப் பார்க்கவும், பிறகு துளையூசியை ஒருமுறை இயக்கவும். பம்ப் பிடிக்காமல் லொடலொடத்தால் உள்ளே இருக்கும் தோல் வாஷர் காய்ந்திருக்கும். இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விடவும். பம்ப் கைப்பிடி தானாக மேலே எழும்பினாலோ பம்புக்குள் மண்ணெண்ணெய் வந்தாலோ அடியிலுள்ள வால்வு கெட்டிருக்கிறது. சரிசெய்யாமல் ஏற்ற வேண்டாம். சன்னல் திறந்திருக்கும் அறையில் மட்டும் எரிக்கவும், தூங்கும் முன் அணைக்கவும்."

நாகர்கோவிலிலிருந்து:

நன்றாக வந்திருக்கிறது தம்பி. இரண்டு திருத்தம். முதல் வரிக்கும் முன்னால் 'எண்ணெய் மூடியைத் திறப்பதற்கு முன் விளக்கு ஆறியிருக்க வேண்டும், காற்றுத் திருகைத் தளர்த்திக் காற்றை முழுக்க விட வேண்டும்' என்று போடுங்கள். பாதியில் எண்ணெய் தீர்ந்ததென்று எரிகிற விளக்கிலேயே ஊற்றுபவர்களுக்கு அது. அப்புறம், உதிர்ந்த பழைய ஒளிர்வலைத் தூளை ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் துடைத்து எடுக்கச் சொல்லுங்கள். தோரியம் கதிரியக்கம் உள்ளது, மூச்சோடு உள்ளே போகக் கூடாது. இப்போது வரும் வலைகள் பலவற்றில் தோரியத்துக்குப் பதில் யிட்ரியம். ஆனால் உங்கள் ஊர்ப் பரணில் கிடக்கும் பொட்டலம் எந்தக் காலத்தது என்று யாருக்குத் தெரியும்?