'அடுத்த வண்டி போயாச்சு'

வேலை விஷயமாக ஆறு மாதம் இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக்கில் இருந்தேன். நான் தங்கியிருந்த வீட்டுக்காரப் பெரியவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை 'ஓ, மிஸ்டர் போர்ட்டர்!' படத்தைப் போட்டுக் காட்டினார். 1937இல் வந்தது. பேச்சு பாதிதான் புரிந்தது. ஆனால் ஒரு இடத்தில் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

நகைச்சுவை நடிகர் வில் ஹே புது ஸ்டேஷன் மாஸ்டராக ஒரு பாழடைந்த நிலையத்துக்கு வந்து டிக்கெட் ஜன்னலைத் தட்டுகிறார். பலகை படாரென்று திறக்கிறது. பொக்கைவாய்க் கிழவர் ஒருவர் தலையை நீட்டி, "அடுத்த வண்டி போயாச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் படாரென்று சாத்துகிறார். அவ்வளவுதான். பேசும்படம் வந்து சுமார் பத்து வருஷமே ஆன காலத்தில், அந்தப் பலகைச் சத்தத்தையே வசனம் மாதிரி பயன்படுத்தியிருக்கிறார்கள்.

அந்தக் கிழவர் மூர் மேரியட். நிஜத்தில் வில் ஹேயைவிட மூன்றே வயது மூத்தவர் என்று பெரியவர் சொன்னபோது என்னால் நம்ப முடியவில்லை. அந்த நடுங்கும் குரலும் கூன் நடையும் அப்படி. வில் ஹே பற்றியும் ஒன்று சொன்னார்: திரையில் ஒன்றும் தெரியாத ஆளாக வரும் அவர், 1933இல் தன் வீட்டுத் தொலைநோக்கியில் சனிக் கிரகத்தின் மேல் ஒரு வெண்புள்ளியைக் கண்டுபிடித்த வானியல் ஆர்வலர்.

கதை நடப்பது வட அயர்லாந்தில். ஆனால் அந்த நிலையம், பக்கத்திலேயே இருக்கும் கிளிடெஸ்டனில் எடுத்தது! பேசிங்ஸ்டோக்கிலிருந்து ஆல்டன் ஊருக்குப் போன சின்ன ரயில் பாதையில் இருந்த நிலையம் அது. 1932இல் பயணிகள் வண்டி நின்றது, 1936இல் சரக்கும் நின்றது. ஆளில்லாத பாதை படக்குழுவுக்கு வசதியாகப் போயிற்று. 'கிளாட்ஸ்டன்' என்று படத்தில் ஓடும் லொடலொட இன்ஜின்கூட 1899இல் செய்த நிஜ இன்ஜின்தான். உயரமான புகைபோக்கியை மட்டும் படத்துக்காக மாட்டினார்கள்.

அடுத்த சனிக்கிழமை நடந்தே போனேன். நிலையமும் இல்லை, தண்டவாளமும் இல்லை. வேலியோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். திரும்பி வந்ததும் பெரியவர் மறுபடியும் படத்தைப் போட்டார், இந்த முறை சப்டைட்டிலோடு. அப்போதுதான் காற்றாலை இறக்கையில் நிலைய ஆட்கள் மூன்று பேரும் தொங்கும் காட்சியில் என்னென்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதே தெரிந்தது.

பார்க்கிறவர்கள் முதல் தடவையே சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட் ஜன்னல் வரும்போது சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.