‘வல்னரபிள் பிளேக்’: காரையா, கூழ்த்தடிப்பா?

அன்புடையீர்,

பக்கவாதம் பற்றி எழுதும்போது, தமனியில் உடைந்து ரத்தம் உறையக் காரணமாகும் ‘வல்னரபிள் பிளேக்’கை ‘நிலையற்ற காரை’ என்கிறோம். இரண்டு சொல்லுமே இடறுகின்றன. காரை சுவரின்மேல் பூசுவது; குழாயில் உப்புப் படிந்ததுபோல, சுரண்டினால் போய்விடும் என்று வாசகர் நினைப்பார். இதுவோ தமனிச் சுவருக்குள்ளேயே, உள்ளுறைக்கு அடியில் வளர்வது. நடுவே கொழகொழவென்று கொழுப்பும் செத்த செல்களும், மேலே கொலாஜன் என்ற நார்ப்புரதத்தாலான மூடி. ‘அதிரோமா’வின் கிரேக்க வேருக்கும் கூழ் என்றுதான் பொருள். எனவே ‘கூழ்த்தடிப்பு’. ‘நிலையற்ற’ என்பது இடம் பெயர்வதுபோல் ஒலிக்கிறது. ‘உடைபடு கூழ்த்தடிப்பு’ எனலாமா?

செல்களுக்கு வெளியே உள்ள நார்ப்பின்னலை (மேட்ரிக்ஸ்) வெட்டும் நொதியான மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸுக்குப் (எம்எம்பி) ‘பின்னலரி நொதி’. மேட்ரிக்ஸுக்கு ‘அணி’ என்பது கணிதத்திலேயே இருக்கட்டும்.

——

> பின்னலரி நொதி

ஐயா, கூழ்த்தடிப்புக்கு என் ஓட்டு. ‘அரி’ மட்டும் வேண்டாம். மூடி கிழியாமலே, அதன்மேல் உள்ள ஒற்றையடுக்குச் செல்கள் உதிர்ந்து அங்கே ரத்தம் உறைவதும் உண்டு. ‘அரிப்பு’ அதற்குத் தேவைப்படும்.

இந்த நொதியின் வேலை அறுப்பு. எம்எம்பி-1, 8, 13 ஆகியவை கொலாஜனின் முப்புரிக் கயிற்றைக் குறிப்பிட்ட ஒரே இடத்தில் வெட்டும்: ஒரு துண்டு முக்கால், மற்றது கால். உடல் வெப்பத்தில் துண்டுகள் முறுக்கவிழ்ந்து ஜெலட்டினாகிவிடும். அதை எம்எம்பி-2, 9 நொறுக்கித் தள்ளும். (1962இல் கொலாஜனை வெட்டும் நொதி பிடிபட்டது தலைப்பிரட்டை வாலில்! வால் சுருங்க அதுதான் வேலை செய்கிறது.) ஆகவே ‘பின்னலறு நொதி’. றகரத்தைத் தட்டச்சில் கோட்டைவிட்டால் பொருளே போச்சு.

——

வணக்கம். இலங்கைப் பாடநூல்களில் தமனி ‘நாடி’, என்சைம் ‘நொதியம்’. ‘பின்னலறு நொதியம்’ எங்களுக்கும் ஒத்துவரும். ஆனால் ‘மெட்டலோ’ (உலோகம்) விடுபடுகிறதே? துத்தநாக அயனி நொதியின் வெட்டுவாயிலேயே இருக்கிறது. கூழ்த்தடிப்பில் கெதெப்சின் எஸ், கே என்ற நொதியங்களும் எலாஸ்டின் என்ற மீள்நார்ப் புரதத்தை வெட்டுகின்றன. அவற்றின் வெட்டுவாயில் உலோகம் இல்லை, சிஸ்டீன் என்ற அமினோ அமிலம்தான். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் பிறகு குழப்பம்.

——

> ‘மெட்டலோ’ விடுபடுகிறதே

சரியான பிடி. பொதுப்பெயர் ‘பின்னலறு நொதி’. எம்எம்பி குடும்பத்துக்கு ‘உலோகப் பின்னலறு நொதி’. அதைக் கட்டிப்போடும் டிம்ப் புரதங்களுக்குத் ‘தடுப்பி’ போதும், அவை ஒரு நொதிக்கு ஒரு தடுப்பி என்றுதான் ஒட்டுகின்றன. மேக்ரோபேஜ்கள் (விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) நொதியைக் கொட்ட, தடுப்பி ஈடுகொடுக்காத இடத்தில் மூடி மெலியும். டி செல்கள் (ஒருவகை வெள்ளணுக்கள்) சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா என்ற சமிக்ஞைப் புரதம் தமனிச் சுவரின் தசைச் செல்களின் கொலாஜன் உற்பத்தியையும் முடக்குவதால் அறுந்த நாருக்குப் புதுநார் வராது. கிழிவது பெரும்பாலும் விளிம்பில். அதைத் ‘தோள்’ என்றே வைத்துக்கொள்வோம்.

வரையறையில் இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். மூடி 65 மைக்ரோமீட்டருக்கும் மெலிவது என்ற அளவுகோல் இதயத் தமனியில் பெறப்பட்டது. கழுத்துத் தமனிக்கு அப்படியே ஒட்டக் கூடாது. அடைப்பின் விழுக்காட்டை வைத்தும் ‘உடைபடு’வை வரையறுக்கக் கூடாது. பாதி அடைப்பு உள்ளதும் கிழியலாம். உள்ளிருக்கும் கூழ் ரத்தத்தைத் தொட்டதும் உறைகட்டி உருவாகி, அதன் துணுக்கு மூளைத் தமனியில் போய்ச் செருகிக்கொள்ளும்.

ரத்தத்தில் எம்எம்பி-9 அளப்பது பற்றிக் குறிப்பு சேர்ப்பதானால் பிளாஸ்மா (உறையவிடாமல் பிரித்த ரத்தநீர்) என்று தெளிவாக எழுதுங்கள். சீரத்துக்காக (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் நீர்) ரத்தத்தை உறையவிடும்போது வெள்ளணுக்கள் தங்களிடமுள்ள நொதியைக் கக்கிவிடும். எண் வீணாக ஏறும்.

‘பின்னல்’ என்றதும் சடைதான் நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்வார்கள். வலைக்கு ஏற்கெனவே இணையம் உரிமை கொண்டாடுகிறது, சடையோடு சமாளிப்போம்.