கிறிஸ்துமஸ் மரத்தில் மண்டையோடு: வைக்கலாமா, கூடாதா?

பத்துமணிக்காட்சி:
ஹாலோவீனுக்கென்று அக்டோபர் கடைசியில் தொங்கவிட்ட எலும்புக்கூட்டையும் சிலந்தி வலையையும் நவம்பர் முதல் வாரமே பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்றுகிறோம். அதே பரணிலிருந்து பனிமனிதனை இறக்குகிறோம். நம் மொரீஷியஸில், போர்ட் லூயிஸில் பனியை யார் கண்டார்கள்? முப்பத்திரண்டு டிகிரி வெக்கையில் பஞ்சை ஒட்டிவிட்டுப் பனி என்று சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. மண்டையோட்டை வைத்தால் மட்டும் அபசகுனமாம். சின்ன வயசிலிருந்து பேய்க்கதையிலேயே ஊறின ஆட்கள் டிசம்பர் வந்ததும் வேஷம் கலைக்கத் தேவையில்லை என்பது என் கட்சி. ஒரே மரம், ஒரே அலங்காரம், அக்டோபர் கடைசி முதல் ஜனவரி 6 வரை. மறுப்பவர்கள் வரலாம்.

குடில்காரி:
வந்துவிட்டேன். மண்டையோட்டுக்கு அக்டோபர் 31 இருக்கிறது, செத்தவர்களை நினைக்க நவம்பர் 2 கல்லறைத் திருநாள் இருக்கிறது. பாலன் பிறப்புக்கும் அதை இழுத்துக்கொண்டு வருவானேன்? குடிலில் வைக்கிற ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு வேலை உண்டு. மாடு, கழுதை, இடையன், நட்சத்திரம், எதற்கும் காரணம் சொல்லலாம். எலும்புக்கூட்டுக்கு அங்கே என்ன வேலை? 25ஆம் தேதி அந்தக் கூடத்துக்குத் திருப்பலி முடிந்த பாட்டியும் வருவார், நாலு வயசுப் பேரனும் வருவான், பலகாரத் தட்டோடு பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மாவும் வருவார். அலங்காரம் வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

பத்துமணிக்காட்சி:
லூக்கா இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள், அக்கா. வானதூதர் வந்து நின்றதும் இடையர்கள் நடுங்கிப்போனார்கள். அவர் வாய் திறந்து சொன்ன முதல் சொல்லே "பயப்படாதிருங்கள்". ஞானிகள் கொண்டுவந்த காணிக்கையில் வெள்ளைப்போளம் பிணத்துக்குப் பூசுகிற பொருள். டிசம்பர் 28 ஏரோது வெட்டிப்போட்ட மாசற்ற குழந்தைகளின் நாள். இதெல்லாம் நான் கொண்டுவந்து சேர்த்ததில்லை, உங்கள் காலண்டரிலேயே இருக்கிறது.

ஆஸ்திரியாவில் டிசம்பர் 5 இரவு கொம்பும் சங்கிலியுமாகக் கிராம்பஸ் தெருவில் இறங்குகிறான். வேல்ஸில் குதிரை மண்டையோட்டைக் கம்பில் செருகி, வெள்ளைத்துணி போர்த்தி, வீட்டுக்கு வீடு பாடிக்கொண்டு வருவார்கள். மாரி லுய்ட் என்று பெயர். உக்ரைனில் மரத்தில் சிலந்தியும் வலையும் இருந்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். இங்கிலாந்தில் பேய்க்கதை சொல்கிற காலமே கிறிஸ்துமஸ்தான். டிக்கன்ஸ் 1843 டிசம்பரில் வெளியிட்ட கிறிஸ்துமஸ் கதையில் எண்ணிப் பாருங்கள், நாலு ஆவி.

குடில்காரி:
"பயப்படாதே" என்று சொன்னவரை வைத்தே பயமுறுத்தலாம் என்கிறீர்கள். வக்கீலாகப் போயிருக்கலாம்.

நீங்கள் பட்டியல் போட்ட ஊரிலெல்லாம் டிசம்பரில் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும். வெளியே குளிர், உள்ளே கணப்பு, அதனால் அங்கே பேய்க்கதை எடுபடுகிறது. இங்கே ஏழு மணி வாக்கில்தான் பொழுது சாய்கிறது. ஃப்ளாம்பாயான் மரம் தெருவெல்லாம் சிவந்து பூத்திருக்கிறது, கடைவாசலில் லிச்சிக் கொத்து தொங்குகிறது. இந்த வெளிச்சத்தில் உங்கள் எலும்புக்கூட்டைப் பார்த்தால் பிளாஸ்டிக் என்பது மட்டும்தான் தெரியும். பயமும் வராது, பண்டிகையும் கெடும்.

கியூர்பிப்_சாரல்:
குடில்காரி அக்கா கடைசியில் சொன்னதைத்தான் பேச வேண்டும். பயம் பொம்மையில் இல்லை, இருட்டில் இருக்கிறது. 1994இல் ஹொலண்டா புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாத ராத்திரிகளில் துனி மின்வி என்கிற நடுராத்திரி நிர்வாணப் பேய் வருகிறான் என்று தீவே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. அதற்கு யாரும் ஒரு பொம்மைகூட வாங்கவில்லை. ஆகவே பத்துமணி, உங்கள் பிரச்சினை மண்டையோடே இல்லை, விளக்கு.

மரத்தைப் பேய் மரமாக்கக் கறுப்புப் பெயிண்ட் அடிக்கிறார்கள். வேண்டாம். கூடத்தில் மற்ற விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு மரத்தின் மேல் சுத்தமான சிவப்பு எல்.இ.டி. மட்டும் போடுங்கள். பச்சை இலையில் பட்டுத் திரும்பிவர அந்த வெளிச்சத்தில் பச்சை கிடையாது, அதனால் மரம் கரிக்கட்டையாகத் தெரியும். வெள்ளை உருண்டைகள் ரத்தச் சிவப்பாக மிதக்கும். ஒரு நஷ்டம் உண்டு: சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட மிட்டாய்க் கம்புகளில் கோடே காணாமல் போகும். பாட்டி வரும் நேரத்தில் சிவப்பை அணைத்து 2700 கெல்வின் மஞ்சள் சாயல் விளக்கைப் போட்டால் அதே மரம் சாது மரம். மண்டையோடு ஒன்றுகூடத் தேவைப்படாது.

பத்துமணிக்காட்சி:
மண்டையோடு இல்லாமல் திகிலா? உப்பில்லாத சோறு. ஆனாலும் சிவப்பு விளக்கு யோசனை பிடித்திருக்கிறது. ஊதா விளக்கும் சேர்த்தால்?

கியூர்பிப்_சாரல்:
இருட்டில் பொருளை ஒளிரவைக்கிற ஊதா விளக்கு, கடையில் கிடைப்பது பெரும்பாலும் 395 நானோமீட்டர் அலைநீளம். ஊதாவே கண்ணில் அடிக்கும், ஒளிர்வது அதில் அமுங்கிவிடும். 365 கிடைத்தால் நல்லது. கண்ணுக்கு நேரே திருப்பாதீர்கள். எது ஒளிரும் என்பதில்தான் ஏமாறுவார்கள். சலவைத்தூளில் வெளுப்பு கூட்டுகிற பொருள் இருப்பதால் துவைத்த வெள்ளைப் பருத்தித்துணி நீலமாக ஒளிரும். சம்மனசு, அதாவது வானதூதர், பொம்மைக்குப் பருத்திப் பாவாடை இருந்தால் பாவாடை மட்டும் ஒளிரும், பெயிண்ட் அடித்த முகம் இருட்டில் போய்விடும். தலையில்லாத சம்மனசு.

குடில்காரி:
அதைக் குடில் பக்கம் திருப்பினால் பாலனைச் சுற்றிய துணி ஒளிரும், பாலன் தெரியமாட்டார். பத்துமணி இந்நேரம் கையைத் தேய்த்துக்கொண்டிருப்பார். குடிலுக்கு ஊதா கிடையாது, இதில் பேச்சுவார்த்தையே இல்லை.

பத்துமணிக்காட்சி:
சரி, குடில் உங்களுடையது. சுவர் என்னுடையது. ஒரு வானதூதர் பொம்மை, 15 செ.மீ. உயரம். அதற்கு 30 செ.மீ. முன்னால் தரையில் ஒரு சின்ன எல்.இ.டி.; விளக்கிலிருந்து சுவர் 150 செ.மீ. தூரம். நிழல் அஞ்சு மடங்கு, 75 செ.மீ. எழும்பி நிற்கும். விளக்கு கீழே இருப்பதால் நிழல் சுவரில் ஏறி விட்டத்தைப் பார்க்கும், சிறகு கொம்பு மாதிரி விரியும். பால் கண்ணாடி பல்பு போட்டால் நிழல் ஓரம் கலங்கி வீணாகும். போன் டார்ச் மாதிரி ஒற்றைப் புள்ளியாக இருக்க வேண்டும். பொம்மை பக்திப் பொம்மைதான், கடையில் வாங்கினதேதான். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

குடில்காரி:
விளக்கை ஒரு மீட்டர் பின்னால் தள்ளினால் நிழல் ரெண்டு மடங்குக்குள் அடங்கிவிடும் என்று சொல்கிறேன். ஏழு மணிக்கு அப்படி, பிள்ளைகள் தூங்கினபிறகு உங்கள் இஷ்டம்.

மூணாம்பின்:
எல்லாரும் விளக்கு விளக்கு என்கிறீர்கள், பிளக்கைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நம் சுவரில் இருப்பது மூணு சதுர ஓட்டை, கடையில் வருகிற விளக்குச் சரத்தில் பாதிக்கு ரெண்டு உருண்டைப் பின். மேல் ஓட்டையில் பேனா முனையைக் குத்தித் தடுப்பைத் திறந்து ரெண்டு பின்னைச் செருகுவது வீட்டுக்கு வீடு நடக்கிறது. பின் சரியாகப் பிடிக்காது. பிடிக்காத இடத்தில் சூடேறும், பிளாஸ்டிக் உருகும். அடாப்டர் வாங்குங்கள், பேனாவை விடுங்கள்.

அடாப்டருக்குள் 3 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். 230 வோல்ட்டில் அது 690 வாட் வரை தாங்கும். எல்.இ.டி. சரம் ஒன்று பத்து வாட் என்று வைத்தாலும் அஞ்சாறு சரத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. 13 ஆம்பியர் ஃபியூஸை அப்படியே விட்டால், அந்த நூல் மாதிரிக் கம்பியில் கோளாறு வந்தாலும் ஃபியூஸ் போகாது, கம்பிதான் முதலில் பற்றும்.

விளக்கு மினுக்க வேண்டும் என்று டியூப்லைட் ஸ்டார்டரை பல்போடு வரிசையில் கோக்கிற வித்தையும் திகில் ரசிகர்களிடம் உண்டு. உள்ளே இருக்கிற தகடு சூடாகி ஒட்டும், ஆறிப் பிரியும், பல்பு தாறுமாறாக மினுங்கும். இழை பல்புக்குத்தான் அது சரிவரும். எல்.இ.டி. பல்புக்குள் இருக்கிற சர்க்யூட் அதை விழுங்கிவிடும், இல்லாவிட்டால் சீக்கிரம் செத்துப்போகும். திறந்த கம்பியில் 230 வோல்ட் நிற்கிற வேலையைப் பிள்ளைகள் ஓடுகிற கூடத்தில் செய்யாதீர்கள். மினுங்குகிற எல்.இ.டி. பல்பு ரெடிமேடாகக் கிடைக்கிறது. விநாடிக்கு மூணு தடவைக்கு மேல் பளிச்சிடுகிறது எதுவும் வேண்டாம், சிலருக்கு வலிப்பு வரும்.

பத்துமணிக்காட்சி:
வாசல் கேட்டில் எலும்புக்கூடு, பால்கனியில் வெள்ளைத்துணி உருவம். அதற்கு?

மூணாம்பின்:
நவம்பரிலிருந்து புயல் காலம் என்பது பேய்க்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். ஐ.பி.44 என்று போட்ட சரம் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும், பக்கவாட்டில் அடிக்கிற புயல் மழையைத் தாங்காது. டிரான்ஸ்ஃபார்மர் கூரைக்கு அடியில் இருக்கட்டும். வயர் பிளக்குக்குள் நுழையுமுன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். கடலோர வீடு என்றால் உப்புக்காற்றில் இணைப்பு பச்சை பூக்கும், பொருத்துமுன் லேசாக வாஸ்லின் தடவுங்கள். புயலுக்கு முதல் கட்ட எச்சரிக்கையான கிளாஸ் 1 வந்த அன்றே எல்லாம் கீழே இறங்க வேண்டும். புயல் நெருங்கிவிட்ட கிளாஸ் 3இல் ஏணி போட்டு எலும்புக்கூட்டை அவிழ்க்கிறவன் தானே எலும்புக்கூடு ஆவான்.

கியூர்பிப்_சாரல்:
பஞ்சு வலையை வெளியில் கட்டவே கட்டாதீர்கள், பல்லியும் குருவியும் மாட்டிக்கொண்டு சாகும். உள்ளேயும் கடைப் பாக்கெட்டை அப்படியே விரித்தால் தலையணை கிழிந்த மாதிரிதான் இருக்கும். கைப்பிடியளவு பிய்த்து, ஒரு முனையைக் கிளையில் மாட்டி, மறு கையால் அறுந்துபோகிற வரை இழுக்க வேண்டும். பின்னால் இருக்கிற கிளை தெரிந்தால் சரியான பதம்.

பழசாகத் தெரிகிற துணிக்கு ஒரு லிட்டர் கொதிநீரில் நாலைந்து கறுப்புத் தேயிலைப் பை, மல் துணியை அரைமணி ஊறவைத்துக் கசக்காமல் வெயிலில் காயப்போட வேண்டும். காப்பித்தூளிலும் செய்யலாம், ஆனால் சர்க்கரை கலந்த பொடியாக இருந்தால் எறும்பு வரிசை கட்டும். மேட்டில் ஈரமாகவே இருக்கிற எங்கள் கியூர்பிப்பில் அரைகுறையாகக் காய்ந்த துணி ஒரே வாரத்தில் உண்மையாகவே பூஞ்சை பிடிக்கும். கீழ் ஊர்க்காரர்களுக்கு வேறு தொல்லை: வெயில் படுகிற ஜன்னலில் வைத்த மெழுகுவர்த்தி இடுப்பு வளைந்து நிற்கும், சூட்டுப்பசை இளகி மண்டையோடு நழுவும். பசையை நம்பாமல் மெல்லிய கம்பியால் கட்டுங்கள்.

ரத்தம் வேண்டும் என்கிறவர்கள் கலர் சேர்த்த சர்க்கரைப் பாகை மேஜை விரிப்பில் ஊற்றாதீர்கள். கறையும் போகாது, எறும்பும் போகாது. வெள்ளை மெழுகுவர்த்தியின் தலையில் சிவப்பு மெழுகுவர்த்தியைச் சாய்த்துச் சொட்டவிட்டால் போதும்.

குடில்காரி:
இவ்வளவு பாடுபடுவதற்கு நம் பழைய ஃபிலாவோ கிளையே போதாதா? பிளாஸ்டிக் மரம் வருமுன் இங்கே கிறிஸ்துமஸ் மரம் அதுதானே. பத்து லிட்டர் வாளியில் ஈர மணல் போட்டு, அடியைச் சாய்வாகச் சீவி ஊன்றி, தினம் தண்ணீர் ஊற்றினால் ஒரு வாரம் பச்சையாக இருக்கும். தானே தொங்குகிற கிளை, தலைவிரித்த மாதிரி. திகில்காரருக்கும் திருப்தி, எனக்கும் மனசுக்கு நெருடல் இல்லை.

பத்துமணிக்காட்சி:
அட. ஃபிலாவோ என்றால் சவுக்கு. சவுக்குத் தோப்பில் காற்று இரைகிற சத்தத்தைத் தமிழில் எத்தனை பேய்க்கதை கடன் வாங்கியிருக்கிறது! மரத்துக்குப் பின்னால் சின்ன மேஜை விசிறி ஒன்றைக் குறைந்த வேகத்தில் வைத்தால் கிளை மூச்சுவிடும். இதில் தோற்றாலும் சந்தோஷமே. ஆனால் நுனியில் ஒரே ஒரு மண்டையோடு.

மூணாம்பின்:
விசிறி வைத்தால் கிளை இன்னும் சீக்கிரம் காயும். காய்ந்த சவுக்கு தீக்குச்சி மாதிரி. எல்.இ.டி. மட்டும், பக்கத்தில் மெழுகுவர்த்தி கூடாது, பழுப்பு ஏறின அன்றே வெளியே போய்விட வேண்டும். கண்ணாடி உருண்டையும் அதில் நிற்காது, கிளை வளைந்து வழுக்கிவிடும். உங்கள் மண்டையோடு காகிதமாக இருந்தால்தான் நுனியில் உட்காரும்.

குடில்காரி:
நுனியில் நட்சத்திரம். மண்டையோடு சுவர்ப்பக்கம் திரும்பின கிளையில், உள்ளே தள்ளி. தேடினால் கிடைக்கட்டும்.

பத்துமணிக்காட்சி:
எட்டிப் பார்த்துத் தேடுகிறவன்தான் அதிகம் பயப்படுவான், அக்கா. உங்களுக்குத் தெரியாமலே என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள். அந்த மகிழ்ச்சியில் விருந்து மேஜைக்கு ஒன்று: லிச்சியைத் தோலுரித்து, காம்புப்பக்கம் சின்னக் கத்தியால் வட்டமாக வெட்டிக் கொட்டையை உருவுங்கள். அந்தக் குழிக்குள் பாதி கறுப்புத் திராட்சை, வெட்டின பக்கம் உள்ளே, வழவழப்பான பக்கம் வெளியே. கண் விழிக்கும். ஊசிமுனையால் ரெண்டு கோடு சிவப்பு ஜாம் இழுத்தால் தூங்காத கண். எலுமிச்சைச் சாறு தடவாவிட்டால் பழுப்பேறும், தடவினாலும் ஒரு மணி நேரத்துக்குள் பரிமாறிவிட வேண்டும்.

குடில்காரி:
கொத்தோடு வாங்குங்கள். உதிரிப் பழத்தில் காம்புப்பக்கம் வெடித்திருக்கும், சாறு வடிந்து விழி உள்ளே விழுந்துவிடும். நாலு வயசுப் பேரனுக்கு முழுசாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் போய் நிற்கும். நீளவாக்கில் நாலாக நறுக்கித்தான் தர வேண்டும். தட்டு சமையலறை மேஜையில் இருக்கட்டும், குடிலைப் பார்த்த மாதிரி வைக்காதீர்கள்.

பத்துமணிக்காட்சி:
முப்பது கண்ணையும் சமையலறைப் பக்கம் திருப்பியாயிற்று.