அலாய் வீலில் 480 கிலோ என்று இருக்கிறது, ஏழு சீட் வண்டிக்குப் போதுமா?

கோத்தகிரி_43:
வணக்கம். ஏழு சீட் வண்டி, கம்பெனி ஸ்டீல் டிஸ்க், டயர் 185/65 ஆர்15 88எச். கோயம்புத்தூரில் ஒரு கடையில் 16 இஞ்ச் அலாய் ஒன்று பிடித்துப்போனது. பிசிடி (நட்டு ஓட்டைகள் இருக்கும் வட்டத்தின் அளவு), நடு ஓட்டை எல்லாம் சரி, மாட்டியே காட்டினார்கள். கழற்றும்போது திருப்பிப் பார்த்தால் ஸ்போக்குக்குப் பின்னால் 480 கிலோ என்று வார்ப்பிலேயே இருக்கிறது. மேனுவலில் ஆள், சாமான் எல்லாம் சேர்த்து வண்டியின் மொத்த எடை 1,780 கிலோ. நான்கால் வகுத்தால் 445, அப்போது 480 போதும்தானே? வீட்டில் ஏழு பேரும் அடிக்கடி மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுவோம், மேலே கேரியரில் பைகளும் இருக்கும், அதனால்தான் யோசனை. கடைக்காரர் இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை என்கிறார்.

குன்னூர் வீல் அலைன்மென்ட்:
யாரும் பார்ப்பதில்லை என்பது உண்மைதான் சார், ஆனால் பார்க்க வேண்டியதே அதைத்தான். உங்கள் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. எடை நான்கு சக்கரத்துக்கும் சமமாகப் பிரியாது. இன்ஜின் முன்னால் இருப்பதால் காலி வண்டியில் முன்பக்கம்தான் கனம். மூன்றாவது வரிசையில் ஆள் உட்கார்ந்து, டிக்கியிலும் சாமான் வைத்தால் பாரம் முழுக்கப் பின் ஆக்ஸில் (பின்சக்கரங்கள் இரண்டுக்குமான அச்சு) மேல் போய் உட்காரும். மேனுவலில் மொத்த எடைக்குப் பக்கத்திலேயே முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் என்று தனித்தனி உச்ச எடை கொடுத்திருப்பார்கள். இரண்டில் எது பெரியதோ அதை இரண்டால் வகுங்கள். வீலில் போட்டிருக்கும் எண் அதற்குக் கீழே இருக்கக் கூடாது. அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்.

மலைப்பாதை டாக்ஸி:
88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். அப்படியானால் வீலும் 560 இருக்க வேண்டாமா?

குன்னூர் வீல் அலைன்மென்ட்:
கட்டாயம் இல்லை அண்ணா. டயரில் கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருப்பார்கள். வீல், டயர் இரண்டும் தனித்தனியாக ஆக்ஸில் கணக்கைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். 560 டயரை 480 வீலில் மாட்டினால் அந்த மூலைக்கு 480தான். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரத்தில் பாரம் கூடுமே, வளைவில் வெளிச்சக்கரத்தில் கூடுமே என்று சிலர் அதையும் தனியாகக் கூட்டுவார்கள். அது வேண்டாம். வீலை அதன் சுமையைவிடக் கூடுதலாக வைத்து வளைத்துச் சுழற்றி, உருட்டி, மோதவிட்டுத்தான் சோதிக்கிறார்கள், ஓடும்போது வரும் விசைகளுக்காகத்தான் அந்தக் கூடுதல். ஆனால் வண்டி நிற்கிற எடையிலேயே வீலின் எண் பற்றவில்லை என்றால் அந்த வீல் வேண்டாம்.

கோத்தகிரி_43:
பார்த்தேன். பின் ஆக்ஸில் 990. பாதி 495. ஆக 15 கிலோ குறைகிறது. ஒரு சின்னப் பைக்குள்ள எடைதானே, இதற்காக விட்டுவிட வேண்டுமா? டிசைன் ரொம்பப் பிடித்திருக்கிறது.

பைக்காரா ரோடு:
விட்டுவிடுங்கள் தம்பி. நான் வார்ப்புப் பட்டறையில் வேலை பார்த்தவன். அலுமினியம் ஒரே நாளில் உடைவதில்லை, களைத்துத்தான் உடைகிறது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒவ்வொரு ஸ்போக்கும் ஒரு தடவை வளைந்து நிமிர்கிறது. உங்கள் டயர் அளவுக்கு கிலோமீட்டருக்குச் சுமார் 500 சுற்று, கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் முப்பது கிலோமீட்டருக்கு மேல், ஒரு இறக்கத்துக்கே 15,000 தடவைக்கு மேல் ஆகிவிடும். இரும்புக்கு ஒரு அளவுக்குக் கீழே எத்தனை தடவை வளைத்தாலும் ஒன்றும் ஆகாது, அலுமினியத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பான கோடு கிடையாது. சுமை கொஞ்சம் கூடினாலும் ஆயுள் பல மடங்கு குறையும். விரிசல் பெரும்பாலும் உள்பக்கத்தில், ஸ்போக் சேரும் இடத்தில் மயிரிழையாகத் தொடங்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மழைக்காலத்தில் மண் சரிந்து ரோட்டில் கிடக்கும் கல்லில் ஒரு அடி விழுந்தால் அங்கிருந்துதான் பிளக்கும். அப்படி விரிந்த அலாயை வெல்டிங் வைத்துப் பெயின்ட் அடித்து விற்பதும் நடக்கிறது, பழைய செட் வாங்குகிறவர்கள் பெயின்டுக்கு அடியில் பாருங்கள்.

இன்னொன்று. வீலில் ஜேடபிள்யூஎல், விஐஏ முத்திரை இருக்கிறதா? முதலாவது, ஜப்பான் தரப்படி செய்தேன் என்று தயாரிப்பாளர் தானே சொல்வது. இரண்டாவது, வெளியார் சோதனையும் பதிவும். ஐஎஸ்ஐ முத்திரையையும் தேடுங்கள். கிலோ எண்ணே இல்லாத வீல் என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

கோத்தகிரி_43:
சரி அண்ணா, அந்த செட் வேண்டாம். 16 இஞ்சிலேயே வேறு பார்க்கிறேன். டயர் எது போடலாம்?

குன்னூர் வீல் அலைன்மென்ட்:
195/55 ஆர்16. மொத்த உயரம் உங்கள் பழைய டயரோடு ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசப்படாது, ஸ்பீடோமீட்டர் சரியாகவே காட்டும். ஆனால் சுமை எண்ணைப் பாருங்கள்: அந்த அளவில் சாதாரண டயர் 87, அதாவது 545 கிலோ. இஞ்ச் கூடியும் சுமை 15 கிலோ இறங்குகிறது. 495க்கு மேல்தான் இருக்கிறது, போடலாம். 91 எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும் வகை) என்றும் வரும், 615 கிலோ. அதில் ஒரு விஷயம், எக்ஸ்எல் டயர் அந்த 615ஐத் தாங்க 42 பிஎஸ்ஐ வேண்டும், சாதாரண டயருக்கு 36. எக்ஸ்எல்லிலும் 36தான் அடிப்பேன் என்றால் கிட்டத்தட்ட 545தான் கிடைக்கும், கூடுதல் காசுக்குச் சுமையில் லாபம் இல்லை. வீல் 545க்கு மேல் போட்டிருப்பதாக வாங்குங்கள். ஈடி எண்ணும் (சக்கரம் எவ்வளவு உள்ளே தள்ளி உட்காரும் என்பதன் மில்லிமீட்டர் அளவு) பழையதற்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். ஈடி 45 இருந்த இடத்தில் 30 போட்டால் சக்கரம் 15 மில்லிமீட்டர் வெளியே தள்ளும், பேரிங்குக்கு நல்லதல்ல, வீலுக்குப் பின்னால் ஸ்பேசர் தட்டு வைத்தாலும் அதே கதை.

மலைப்பாதை டாக்ஸி:
காற்று பற்றி ஒரு சந்தேகம், மேட்டுப்பாளையத்தில் பிடித்துவிட்டு ஊட்டி வந்தால் மாறுமா?

பைக்காரா ரோடு:
இரண்டு பக்கமும் இழுக்கும். கீழே 300 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் 3 பிஎஸ்ஐ போலக் கூடும். கீழே 35 டிகிரி, மேலே 15 டிகிரி என்றால் டயர் குளிர்ந்தபின் அதே 3 இறங்கும். ஆக, காலையில் எடுத்துப் பார்த்தால் பெரிய மாற்றம் இருக்காது. ஏறி வந்த சூட்டோடு அளந்து, அதிகமாக இருக்கிறதே என்று இறக்கிவிடுகிறவர்கள்தான் மறுநாள் முழுப் பாரத்தோடு குறைந்த காற்றில் போகிறார்கள்.

கோத்தகிரி_43:
ஸ்டெப்னி பழைய 15 இஞ்ச் ஸ்டீலாகவே இருக்கலாமா?

குன்னூர் வீல் அலைன்மென்ட்:
இருக்கலாம், உயரம் ஒன்றுதான். ஆனால் அலாய்க்குத் தரும் நட்டின் வாய் வேறு மாதிரி இருந்தால் ஸ்டீல் டிஸ்க்கில் சரியாக உட்காராது, பழைய நட்டுகளை டிக்கியிலேயே வைத்திருங்கள். புது வீல் மாட்டி 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டை டார்க் ரெஞ்சால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.