வயலின் பியானோ கச்சேரிக்கு முதல்முறை போகிறேன், எதைக் கவனித்துக் கேட்பது?

மயிலை ரசிகர்:
லண்டனில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். அடுத்த வாரம் விக்மோர் ஹாலில் வயலின், பியானோ கச்சேரிக்கு டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறாள். முதலில் பீத்தோவனின் 'ஸ்பிரிங்' சொனாட்டா, இடைவேளைக்குப் பிறகு செசார் பிராங்க் எழுதிய சொனாட்டா. சின்ன வயதிலிருந்து கர்நாடக இசைதான் என் உலகம். லால்குடி, எம்.எஸ்.ஜி. வயலினை நேரில் கேட்டு வளர்ந்தவன். இங்கே பியானோ பக்கவாத்தியமா? எங்கே கைதட்ட வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குளிர்காலக் குயில்:
கைதட்டலுக்கு மட்டும் பதில். ஒரு சொனாட்டாவில் மூன்று நான்கு பகுதிகள் இருக்கும், இடையில் சின்ன மௌனம் வரும். அப்போது யாரும் தட்ட மாட்டார்கள். ஸ்பிரிங், பிராங்க் இரண்டிலுமே நான்கு பகுதிகள். வயலின் வில் கீழே இறங்கி, இருவரும் எழுந்து நின்றதும் தாராளமாகத் தட்டலாம்.

பக்கம் புரட்டுபவள்:
சார், நான் இந்த ஊரில் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். கச்சேரிகளில் பியானோ வாசிப்பவரின் இடப்பக்கம் உட்கார்ந்து இசைத்தாளைப் புரட்டும் வேலைக்கும் போவேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இதில் பியானோ பக்கவாத்தியம் இல்லவே இல்லை. பீத்தோவன் காலத்தில் இந்தச் சொனாட்டாக்களின் அட்டையில் பியானோவைத்தான் முதலில் போடுவார்கள், வயலின் அதற்குத் துணை. பீத்தோவன் கையில் இரண்டும் சமமாகிவிட்டன. ஸ்பிரிங் 1801இல் வெளிவந்தது. தொடக்கத்தில் வயலின் பாடும் மெட்டை அடுத்து பியானோ வாங்கிப் பாடும், வயலின் அதற்குத் துணை வாசிக்கும். மூன்றாவது பகுதி ஒரு நிமிடம்தான் இருக்கும். அதில் வயலின் பியானோவுக்கு ஒரு தட்டு பிந்தி வருவதுபோல் கேட்கும். தாளம் தவறிவிட்டதோ என்று பதறாதீர்கள், பீத்தோவன் வேண்டுமென்றே செய்த குறும்பு அது.

பிராங்க் பற்றித்தான் நிறையச் சொல்ல ஆசை. பாரிஸில் தேவாலய ஆர்கன் வாசித்தவர். பெல்ஜியத்து வயலின் கலைஞர் யூஜின் இஸாயின் திருமணத்துக்குப் பரிசாக 1886இல் இதை எழுதினார், அப்போது அவருக்கு 63 வயது. அவசரமாக ஒரு ஒத்திகை பார்த்துவிட்டு இஸாய் அன்றைக்கே விருந்தினர் முன் வாசித்திருக்கிறார். பியானோவில் லெயொந்தின் போர்த் பென் என்ற அம்மாள். அந்த டிசம்பரில் பிரஸ்ஸல்ஸ் ஓவியக் காட்சிக்கூடத்தில் இருவரும் பொதுமேடையில் வாசித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஓவியங்கள் இருந்ததால் விளக்கேற்ற அனுமதியில்லை. மிச்சத்தை இருட்டிலேயே மனப்பாடமாக வாசித்து முடித்தார்கள். இரண்டாம் பகுதியில் நான் எத்தனை வேகமாகத் தாள் புரட்ட வேண்டியிருக்கிறது என்று நினைத்தால், அந்த அம்மாள் மேல் பெரிய மரியாதை வருகிறது.

அந்த இரண்டாம் பகுதியைப் பியானோ தனியாகத் தொடங்கும், வலுவாக, கலங்கிய வெள்ளமாக. பிராங்குக்கு மிகப் பெரிய கைகள். சாதாரணக் கை எட்டாத இடைவெளிகளை எழுதியிருக்கிறார். அதனால் கீபோர்டு தெரிகிற மாதிரி, மேடையைப் பார்த்து உட்காரும்போது உங்கள் இடது கைப்பக்கம் இடம் கிடைத்தால் நல்லது. மூன்றாம் பகுதி உங்களுக்கு உடனே பிடிக்கும்: தாளக்கட்டு தளர்ந்து, வயலின் தனியாக யோசிப்பதுபோல் போகும், ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு அது அந்நியமாக இருக்காது. கடைசிப் பகுதியில் பியானோ ஒரு மெட்டைத் தொடங்க, வயலின் ஒரே ஒரு தாளச்சுற்று தள்ளி அதே மெட்டைப் பின்தொடரும். இந்தச் சொனாட்டாவை மட்டும் முன்கூட்டியே வீட்டில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியின் சின்னச் சின்ன ஸ்வரக்கோர்வைகள் மற்ற பகுதிகளிலும் உருமாறித் திரும்பி வருவது அப்போது பிடிபடும்.

இன்னொன்று. பக்கத்தில் உட்கார்ந்தால் வயலின்காரர் மூச்சிழுப்பது எனக்குக் கேட்கும். அடுத்த வரியை இருவரும் சேர்ந்து எடுப்பது அந்த மூச்சை வைத்துத்தான். விக்மோர் ஹாலில் சுமார் 550 இருக்கைகள்தான், மைக் கிடையாது. முன்வரிசையில் இருந்தால் உங்களுக்கும் கேட்கலாம்.

மயிலை ரசிகர்:
ரொம்ப நன்றி அம்மா. சுருதிக்குத் தம்பூரா இல்லாமல் எப்படி? வீட்டில் கேட்க எந்தப் பதிவு?

பக்கம் புரட்டுபவள்:
தொடங்கும் முன் பியானோவில் ஒரு ஸ்வரம் கொடுப்பார்கள், வயலின்காரர் அதற்குத் தந்தி கூட்டிக்கொள்வார். நம் வயலினில் தந்திகள் ச ப ச ப என்று நிற்கும். இவர்களுக்கு நான்கும் அடுத்தடுத்து ஐந்தாம் ஸ்வர இடைவெளியில். நின்றுகொண்டு, தாடைக்கடியில் பிடித்து வாசிப்பார்கள்.

பதிவுக்கு, பிராங்க் சொனாட்டாவை வயலினில் டேவிட் ஓய்ஸ்ட்ராக்கும் பியானோவில் ரிக்டரும் மாஸ்கோ மேடையில் 1968இல் வாசித்ததைக் கேளுங்கள். பியானோ எவ்வளவு பெரிய ஆள் என்று அதில் தெரியும். ஹைஃபெட்ஸ், ரூபின்ஸ்டைன் 1937 பதிவு இன்னும் வேகம், ஒலி பழையது. நான் முதலில் ஓய்ஸ்ட்ராக்கைத்தான் கேட்கச் சொல்வேன். கடைசிப் பகுதியை இரண்டு தரம்.