ஐந்தாம் வகுப்புக்கு நோர்டிக் வாக்கிங் போதுமா?

யாழினி_எஸ்போ:
ஃபின்லாந்தில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள் சொல்லுங்கள். மகளுக்குப் பள்ளியில் மூவ் உடற்திறன் சோதனை முடிந்தது. 20 மீட்டர் கோடுகளுக்கு நடுவே பீப் சத்தத்துக்கு ஓடித் திரும்பும் ஓட்டத்தில் வகுப்பிலேயே முதலில் நின்றுவிட்டவள் இவள்தான். வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். இனி வாரம் ஒரு விளையாட்டு வகுப்பில் ஓட்டத்துக்குப் பதில் நோர்டிக் வாக்கிங்காம், இரண்டு கையிலும் கம்பு ஊன்றி நடப்பது. இதில் பலன் உண்டா?

குமரன்77:
எனக்கு உடன்பாடில்லை. கம்போடு நடப்பவர்களைப் பாருங்கள், பெரும்பாலும் வயதானவர்கள். அவர்களுக்கு அது நல்லது. பதினொரு வயதுப் பிள்ளை ஓட வேண்டும், குதிக்க வேண்டும். குதித்து இறங்கும்போது விழும் அழுத்தத்தில்தான் எலும்பு உறுதியாகும். மூவ் சோதனையிலும் ஐந்து தாவல், தண்டால், பந்தைச் சுவரில் எறிந்து பிடிப்பது எல்லாம் உண்டு. கையில் கம்பைக் கொடுத்தால் இதில் எது வளரும்?

வந்தா_நடை:
குமரன் அண்ணா, இது முதியவர்களுக்காக வந்ததே இல்லை. பனியில்லாத மாதங்களில் ஸ்கீ வீரர்கள் செய்த பயிற்சி இது. 1960களிலேயே லேனா யாஸ்கெலைனென் என்ற உடற்கல்வி ஆசிரியை மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார். இதற்கென்று தனிக் கம்பு கடைக்கு வந்ததே 1997இல்தான்.

ஞாயிறுதோறும் எங்கள் பகுதிப் பிள்ளைகளைக் காட்டுக்குள் கூட்டிப்போகிறேன். முதல் நாள் எல்லோருமே கம்பை முன்னால் ஊன்றி, கைத்தடி போலத்தான் நடப்பார்கள். அதனால் கம்பைப் பிடிக்கவே விடுவதில்லை. மணிக்கட்டில் பட்டையை மாட்டி, விரல்களைத் திறந்து, கம்பு பின்னால் இழுபட நடக்கச் சொல்வேன். கொஞ்ச தூரத்திலேயே வலது கால் போகும்போது இடது கை தானாக முன்னே வரும். அப்புறம்தான் தரையைப் பின்னோக்கித் தள்ளுவது. கை இடுப்பைத் தாண்டும்போது விரல் விரிய வேண்டும். இப்படி ஒரு மேடு ஏறட்டும், பேச்சு நின்று மூச்சு மட்டும் கேட்கும். புஜம், முதுகு எல்லாம் வேலை செய்யும். சாதாரண நடையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதல் ஆற்றல் செலவாகும்.

குமரன்77:
நடையைவிடக் கூடுதல், சரி. ஓட்டத்தைவிடக் குறைவுதானே? பிள்ளைகளுக்குத் தினமும் 60 நிமிட அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரம் ஒரு வகுப்பு எந்த மூலைக்கு? அதுவும் இருபது பிள்ளைகள் கையில் முனையுள்ள கம்பு!

வந்தா_நடை:
முனைக்கு ரப்பர் மூடி இருக்கிறது, போட்டே ஆக வேண்டும். இருவருக்கு நடுவே இரண்டு கம்பு நீளம் இடைவெளி. நன்றாக ஓடும் பிள்ளைக்கு இது போதாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாழினி அக்கா மகளை நினைத்துப் பாருங்கள். ஓட்டத்தில் சில நிமிடங்களில் ஓரத்துக்குப் போய்விடும் பிள்ளை, கம்போடு நாற்பது நிமிடம் மற்றவர்களோடு சேர்ந்து நடக்கும். அந்த நாற்பது நிமிடம் அவளுக்கு வேறு எதில் கிடைக்கும்?

குமரன்77:
அவளுக்கு என்றால் சரி, மறுக்கவில்லை. ஆனால் மற்ற வகுப்புகளில் தாவலும் பந்தும் இருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். இல்லையென்றால் நானும் உங்களோடு வந்து பேசுகிறேன்.

யாழினி_எஸ்போ:
கேட்கிறேன் அண்ணா. நேற்று அவள் அப்பாவின் கம்பை எடுத்து நடந்து பார்த்தாள், தோள் காதுவரை ஏறிவிட்டது. உயரம் 140 செ.மீ. என்ன அளவு வாங்கலாம்?

வந்தா_நடை:
உயரத்தை 0.68ஆல் பெருக்குங்கள், 95 வரும். வளர்கிற பிள்ளை, நீளம் மாற்றக்கூடியதாகவே வாங்குங்கள். ஞாயிறு அழைத்து வாருங்கள், என்னிடம் ஒரு ஜோடி இருக்கிறது.