மாதத்துக்கு ஒரு நாள் படப்பிடிப்பா, தினமும் செக்கடியில் இரண்டு நிமிடமா?

வெள்ளகோவில் செக்கு (செவ்வாய், இரவு 11.20)

வணக்கம். வெள்ளகோவில் பக்கம் மூன்று மரச்செக்கு ஓட்டுகிறோம். கடலை, எள், தேங்காய் மூன்றும் ஆட்டுகிறோம். நானும் மனைவியும் இரண்டு ஆட்களும்தான். விற்பனையில் பாதிக்கு மேல் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் வருகிற ஆர்டர். அதனால் வீடியோ போடுவதை விட முடியாது. ஆனால் பார்சல் கட்டி முடித்து ஒன்பது மணிக்குப் போனை எடுத்தால் பதினொன்று ஆகிவிடுகிறது. பாட்டுத் தேடுகிறேன், எழுத்துப் போடுகிறேன், பிடிக்காமல் அழித்துவிட்டு மறுபடி செய்கிறேன். முப்பது விநாடி வீடியோவுக்கு இரண்டு மணி நேரம் போகிறது. மகள் தூங்கிய பிறகுதான் அவள் பக்கத்தில் போய் உட்காருகிறேன்.

மைத்துனர், மாதத்தில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கி முப்பது வீடியோவையும் எடுத்து வைத்துவிடு என்கிறார். மனைவிக்கு அதில் உடன்பாடு இல்லை. வேலை நடக்கும்போதே எடுத்துப் போட்டால் போதும், அழகெல்லாம் வேண்டாம் என்கிறாள். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், எது சரி?

கோவை கேமரா (செவ்வாய், இரவு 11.48)

உங்கள் மைத்துனர் சொல்வதுதான் சரி அண்ணா. கோவையில் எட்டு சிறு கடைகளுக்கு நான் வீடியோ செய்து தருகிறேன். படம் எடுக்கிற நேரம் மிகக் குறைவு. இன்று என்ன போடுவது என்று யோசிப்பது, இடத்தை ஒதுக்குவது, வெளிச்சம் பார்ப்பது, பிறகு வெட்டி ஒட்ட உட்காருவது, இவைதான் நேரத்தைத் தின்னும். இதைத் தினமும் செய்தால் முப்பது தடவை. ஒரே நாளில் செய்தால் ஒரே தடவை.

ஸ்டாண்டை ஓர் இடத்தில் நிறுத்துங்கள். கிழக்குப் பார்த்த கதவு இருந்தால் காலை எட்டு மணி வெளிச்சமே போதும். மூன்று சட்டை மாற்றிக்கொள்ளுங்கள். மாலைக்குள் பதினைந்து துண்டுகளாவது சேரும். இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் பிசினஸ் சூட் என்ற செயலியில் தேதி குறித்துப் போட்டுவிட்டால் அந்தந்த நாளில் தானாகப் போகும், அதற்குப் பணமும் இல்லை. இன்ஸ்டாகிராம் செயலிக்குள்ளேயே 75 நாள் முன்கூட்டிக் குறித்து வைக்கலாம். அந்த நாளில் செக்கை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஓடுகிற செக்கைப் பார்க்கத்தான் ஆட்கள் வருவார்கள்.

இளம்பிள்ளை நூல் (புதன், காலை 6.30)

எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. இளம்பிள்ளையில் சேலை வியாபாரம் செய்கிறேன். இந்த யோசனையைக் கேட்டு நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து 24 சேலைக்கு வீடியோ எடுத்து வைத்தேன். நான்காம் நாளுக்குள் அதில் பதினொரு சேலை விற்றுப்போனது. வீடியோ மட்டும் குறித்த தேதியில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. "அந்த மாம்பழக் கலர் இருக்கா அக்கா" என்று கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை, இல்லை என்று பதில் எழுதியே அந்த மாதம் போனது. இல்லை என்று மூன்று தடவை கேட்டவர் நான்காம் தடவை நம்மிடம் கேட்பதில்லை.

உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள். வியாபாரம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. எடுத்து வைத்த வீடியோ நின்ற இடத்திலேயே நிற்கிறது.

கோவை கேமரா (புதன், காலை 9.05)

அக்கா, உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் சேலை ஒவ்வொன்றும் தனித்தனி. எண்ணெய் அப்படியா? இந்த மாதம் ஆட்டிய கடலை எண்ணெயும் அடுத்த மாதம் ஆட்டப் போவதும் பார்வைக்கு ஒன்றுதான். விலையை வீடியோவில் சொல்லாமல் விட்டால் போதும், அது பழசாகாது. விலை கேட்பவருக்குத் தனியாக அனுப்பலாம்.

இன்னொன்று. தீபாவளிக்கு முந்தைய பத்து நாளை நினைத்துப் பாருங்கள். எண்ணெய்க் குளியலுக்கு ஊர் முழுக்க நல்லெண்ணெய் கேட்கிற நேரம். அண்ணன் கை போனைத் தொடுமா? ஆட்கள் அதிகம் தேடுகிற அந்த நாட்களில்தான் கடையின் பக்கம் வெறிச்சென்று கிடக்கும். எனக்கு வேலை தருகிற கடைக்காரர்கள் எல்லோரும் இந்த ஓர் இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

திண்டுக்கல் பொடி (புதன், மதியம் 2.10)

சாம்பார் பொடி, இட்லிப் பொடி செய்கிறேன். எனக்கு நேரம் போனது வீடியோவில் இல்லை, அதற்குக் கீழே எழுதுவதில். அதனால் ஏஐயிடம் எழுதச் சொல்ல ஆரம்பித்தேன். பத்து விநாடியில் தந்துவிடும். இரண்டு வாரம் கழித்துப் படித்துப் பார்த்தால் என் கடைக்கும் எந்தக் கடைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. "பாரம்பரியச் சுவையின் அற்புத அனுபவம்" என்று எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேச மாட்டோம்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. கருப்பு உளுந்துப் பொடிக்கு எழுதச் சொன்னபோது, சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும் என்று அதுவே சேர்த்துவிட்டது. உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று விளம்பரம் செய்யச் சட்டத்தில் இடமில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர விதிமுறைகள் இருக்கின்றன. 1954-லேயே வந்த மாயமருந்து விளம்பரத் தடைச் சட்டமும் இருக்கிறது, அதன் நோய்ப் பட்டியலில் சர்க்கரை நோயும் உண்டு. எண்ணெய்க்காரர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். "எங்கள் எண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லை" என்று ஆளாளுக்குப் போடுகிறார்கள். தாவர எண்ணெய் எதிலுமே அது சொல்லும்படியாக இருக்காது. கடையில் வாங்குகிற ரீஃபைண்ட் எண்ணெயிலும்தான் இல்லை. பிறகு அதை நம் எண்ணெயின் தனிச் சிறப்பு போலச் சொல்வது வாங்குபவரை ஏமாற்றுவதுதானே?

கோவை கேமரா (புதன், மதியம் 3.00)

நோய் விஷயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. அந்த மாதிரி வாக்கியம் கேட்கிற கடைக்கு நான் வேலை செய்வதில்லை. ஆனால் ஏஐயை மொத்தமாக ஒதுக்க வேண்டாம். பேசியதை எழுத்தாக மாற்றித் திரையில் ஓடவிட அது நன்றாக உதவுகிறது, பிழை மட்டும் திருத்த வேண்டும். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் நிறைய, அவர்களுக்கு அந்த எழுத்து வேண்டும்.

இளம்பிள்ளை நூல் (புதன், இரவு 8.45)

வெள்ளகோவில் தம்பி, ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து கடந்த ஒரு மாதத்தில் வந்த கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். என்ன போடுவது என்று யோசிக்கிற வேலையே அதோடு முடிந்துவிடும்.

நான் இப்போது இப்படித்தான் செய்கிறேன். "இந்தச் சேலையைத் துவைத்தால் சாயம் போகுமா" என்று ஒருவர் கேட்டார். எழுதிப் பதில் சொல்வதற்குப் பதில் வாளித் தண்ணீரில் முக்கி, பிழிந்து, வெள்ளைத் துணியில் ஒற்றிக் காட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கேட்டவருக்கு அனுப்பினேன், ஸ்டேட்டஸில் வைத்தேன், இன்ஸ்டாவிலும் போட்டேன். இன்று வரை அதே கேள்வியைக் கேட்பவர்களுக்கு அதே வீடியோவைத்தான் அனுப்புகிறேன். ஒவ்வொருவருக்கும் தட்டச்சு செய்துகொண்டிருந்த நேரம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. கேமராத் தம்பி கணக்குப் போடும்போது வீடியோ செய்கிற நேரத்தை மட்டும் எண்ணுகிறார். பதில் எழுதுகிற நேரத்தை எண்ணவே இல்லை. சிறு கடையில் அதுதான் பெரிய நேரம்.

வெள்ளகோவில் செக்கு (புதன், இரவு 10.05)

அக்கா, நீங்கள் சொன்னபடி மனைவியும் நானும் உட்கார்ந்து எழுதினோம். அரை மணி நேரத்தில் பத்தொன்பது கேள்வி வந்தது. அதில் பாதி ஒரே கேள்வியின் வேறு வேறு வடிவம். பாட்டிலின் அடியில் ஏன் மண்டி படிகிறது? பொரிக்கும்போது ஏன் நுரை வருகிறது? தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டதே, கலப்படமா? நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி போடுவீர்களா? கடையில் இருப்பதைவிட ஏன் இவ்வளவு விலை?

கடைசிக் கேள்விக்கு நான் இத்தனை வருடமும் தரம், தரம் என்றே பதில் எழுதிக்கொண்டிருந்தேன். தராசில் இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பை வைத்துக் காட்டி, இத்தனையையும் ஆட்டினால்தான் ஒரு லிட்டர் வரும் என்று சொன்னால் முடிந்தது. பருப்பு விலையை அவர்களே பெருக்கிப் பார்த்துக்கொள்வார்கள். இது எனக்குத் தோன்றாமல் போனதே என்று இருக்கிறது.

இன்னும் இரண்டு சிக்கல் இருக்கிறது. செக்கு ஓடும்போது பேசினால் மோட்டார் சத்தம்தான் கேட்கிறது. அப்புறம், ஆட்களில் ஒருவர் முகம் வீடியோவில் வரக் கூடாது என்கிறார்.

கோவை கேமரா (புதன், இரவு 10.40)

செக்கடியில் பேச வேண்டாம் அண்ணா. படத்தை மட்டும் அங்கே எடுங்கள். குரலை வீட்டுக்குள் ஒரு போர்வைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தனியாகப் பதிவு செய்து மேலே ஒட்டுங்கள். செக்குச் சத்தத்தை முழுதாக எடுத்துவிடாமல் அடியில் லேசாக வையுங்கள், கேட்பவருக்கு அந்த இடத்திலேயே நிற்பது போல இருக்கும். ஒவ்வொரு தடவையும் லென்ஸைத் துடைத்துவிட்டு எடுங்கள். செக்கில் வேலை செய்கிற கையில் எண்ணெய் இருக்கும், அது லென்ஸில் பட்டால் படம் முழுக்கப் புகை படிந்தது போல வரும்.

பாட்டுத் தேடுவதை இன்றோடு விடுங்கள். வியாபாரக் கணக்குகளுக்கு சினிமாப் பாட்டைப் பயன்படுத்த உரிமை கிடையாது. ஒலியை நீக்கிவிடுவார்கள், சில நேரம் வீடியோவையே எடுத்துவிடுவார்கள். உங்கள் இரண்டு மணி நேரத்தில் பாதி அங்கேதான் போகிறது என்று நினைக்கிறேன்.

ஒரு செயலியில் போட்டதை இறக்கி அதே சின்னத்தோடு இன்னொன்றில் போடாதீர்கள். வேறு செயலியின் சின்னம் தெரிகிற வீடியோவைப் பிறருக்குப் பரிந்துரைப்பதைக் குறைப்போம் என்று இன்ஸ்டாகிராம் 2021-லேயே சொல்லிவிட்டது. மூலக் கோப்பைப் போனிலேயே ஒரு தனி ஃபோல்டரில் வைத்து, அதிலிருந்து ரீல்ஸ், ஷார்ட்ஸ், ஸ்டேட்டஸ் மூன்றுக்கும் அனுப்புங்கள்.

முகம் வேண்டாம் என்பவரின் கையை மட்டும் எடுங்கள். கேட்டுவிட்டே எடுங்கள், எடுத்ததை அவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

எல்லாம் சொன்ன பிறகும் என் கருத்து அதேதான். அந்தப் பத்தொன்பது கேள்விக்கும் ஒரே நாளில் பதில் எடுத்துவிடலாம்.

சென்னை சமையல்கட்டு (வியாழன், காலை 7.20)

நான் கடைக்காரர் இல்லை, வாங்குகிறவள். ஒரு செக்கு எண்ணெய்க் கடையில் மூன்று வருடமாக வாங்குகிறேன். வெயிலில் வைத்த எண்ணெய் முதல் நாள் எப்படி இருக்கிறது, நான்காம் நாள் எப்படித் தெளிகிறது என்று ஒரே பாத்திரத்தைக் காட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் முதல் ஆர்டர் போட்டேன். இன்னொரு கடையை விட்டதற்குக் காரணம், தினமும் காலை வணக்கம் படம், எல்லாத் தலைவருக்கும் பிறந்தநாள் வாழ்த்து. எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாரத்துக்கு இரண்டு போட்டாலும் எனக்குப் போதும்.

இளம்பிள்ளை நூல் (வியாழன், காலை 8.00)

பாருங்கள், முதல் நாளையும் நான்காம் நாளையும் ஒரே நாளில் எடுக்க முடியாது. இதைத்தான் நான் சொல்கிறேன் கேமராத் தம்பி. செக்குக்காரரின் வேலைக்கே ஒரு காலம் இருக்கிறது. காயப்போடுவது ஒரு நாள், ஆட்டுவது ஒரு நாள், தெளிய வைப்பது சில நாள். புண்ணாக்கு வாங்க மாட்டுக்காரர் வருவது இன்னொரு நாள். அதையெல்லாம் ஒரு நாளில் அடைத்தால் நடிப்பாகத்தான் வரும்.

செக்குத் தம்பி, இன்ஸ்டாவை மட்டும் நம்பி உழைக்காதீர்கள். 2020 ஜூன் 29 அன்று அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக்கும் போனது. அதில் மட்டும் வியாபாரம் செய்தவர்கள் கையில் ஒரு வாடிக்கையாளர் எண்கூட இல்லாமல் நின்றார்கள். ஒவ்வொரு பார்சலிலும் "எங்கள் எண்ணைப் போனில் பதிந்துகொள்ளுங்கள்" என்று ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். அவர் உங்கள் எண்ணைப் பதிந்தால்தான் உங்கள் ஸ்டேட்டஸ் அவருக்குத் தெரியும், ஒரே தட்டில் பலருக்கும் அனுப்புகிற பிராட்காஸ்ட் செய்தியும் போய்ச் சேரும். ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஏற்கெனவே வாங்கியவருக்குத் தெரிகிற ஒரு ஸ்டேட்டஸை, தெரியாத ஆயிரம் பேர் பார்க்கிற ரீலைவிட நான் பெரிதாக நினைக்கிறேன்.

கோவை கேமரா (வியாழன், காலை 10.30)

தெளிய வைக்கும் வீடியோ விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன் அக்கா, அது நாள்கணக்கில் எடுக்க வேண்டியதுதான். ஆனால் பழைய வாடிக்கையாளர் மட்டும் போதும் என்பதை ஏற்க மாட்டேன். உங்களுக்கு இளம்பிள்ளை என்ற ஊர்ப் பெயரே ஆளைக் கொண்டுவருகிறது. புதிதாகச் செக்கு வைத்தவருக்கு, எண்ணைப் பதிந்துகொள்ள வாடிக்கையாளரே இருக்க மாட்டார். அவரை யாருக்கும் தெரியாது. அவருக்கு ரீல்தான் வாசல்.

வெள்ளகோவில் செக்கு (ஞாயிறு, இரவு 9.15)

நான்கு நாளாகச் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டாண்டைத் தராசுக்குப் பக்கத்தில் கட்டி வைத்துவிட்டேன், எடுப்பதே இல்லை. வியாழக்கிழமை ஒரு குண்டாவில் எண்ணெயை வெயிலில் வைத்து, தினமும் அதே இடத்தில் பத்து விநாடி எடுத்தேன். இரண்டரைக் கிலோ பருப்பு வீடியோவுக்குக் குரல் என் மனைவியுடையது. பாட்டு இல்லை. மூன்று பேர் விலை கேட்டார்கள், மூன்று பேருக்கும் அதையே அனுப்பினேன். ஒருவர் ஐந்து லிட்டர் சொன்னார். ஒருவர் இன்னும் விலை அதிகம் என்கிறார், அது அவர் விருப்பம்.

தீபாவளியைப் பற்றிக் கேமராத் தம்பி சொன்னது மனதில் நிற்கிறது. போன வருடம் அந்தப் பத்து நாளும் ஒன்றுமே போடவில்லை, உண்மை. அதனால் நல்லெண்ணெய்க்கு மட்டும் ஆறு வீடியோ முன்கூட்டியே எடுத்துத் தேதி குறித்து வைக்கப் போகிறேன். எள் காயப்போடுவது, கருப்பட்டி தட்டிப் போடுவது, ஆட்டுவது, வடிப்பது என்று. அக்காவுக்குப் பிடிக்காது என்று தெரியும்.

இன்று வீடியோ வேலை ஒன்பது மணிக்கே முடிந்துவிட்டது.

இளம்பிள்ளை நூல் (ஞாயிறு, இரவு 9.40)

ஆறு என்றால் சரி தம்பி, முப்பது என்றால்தான் சண்டை போடுவேன். ஆனால் தீபாவளிக்கு நல்லெண்ணெய் தீர்ந்துபோனால் அன்றே செயலிக்குள் போய் மிச்ச வீடியோவை நிறுத்தி வையுங்கள். அந்த வேலையை யார் செய்வது, நீங்களா உங்கள் மனைவியா என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.